ஒப்பந்தம் முடியும் தேதியையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து வீரர் ஒருவர் கிளப் மாறினால் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் 'கோடிகளுக்கு விலை போனார்', 'அணிக்கு டாட்டா காட்டினார்', 'ரசிகர்கள் அதிர்ச்சி' என்ற வகையில்தான் தலைப்பு வருகிறது. உள்ளே படித்தால் பழைய கிளப்புடன் அவருடைய ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, புது கிளப் பணம் கொடுத்து வாங்கியதா அல்லது சும்மா கிடைத்தாரா, எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டார் என்ற எதுவும் இருக்காது. இந்த விவரம் தெரியாததால்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி டீக்கடைகளில் சென்னையின் எஃப்சி ரசிகர் வீரரைத் துரோகி என்கிறார், பெங்களூரு எஃப்சி ரசிகர் சென்னை நிர்வாகத்தைக் கஞ்சன் என்கிறார். பெரும்பாலான சமயங்களில் இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

முதலில் ஏலம். ஐபிஎல் பழக்கத்தில் கால்பந்து வீரரையும் 'ஏலத்தில் எடுத்தது' என்று எழுதிவிடுகிறீர்கள். இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல்லில் ஏலம் நடந்தது 2015 ஜூலையில் ஒரே ஒரு தடவை, அதுவும் பத்து இந்திய வீரர்களுக்கு மட்டும். சுனில் சேத்ரியை 1.20 கோடிக்கு மும்பை சிட்டியும், யூஜின்சன் லிங்டோவை 1.05 கோடிக்கு புனே சிட்டியும் எடுத்தன. அன்றைக்கு ஐஎஸ்எல் சில மாதங்களில் முடிந்துவிடும் போட்டி. அப்போது தனியாக நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் சேத்ரி பெங்களூரு வீரராகவே இருந்தார். கிளப்கள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையும் 2017-உடன் போய்விட்டது. அதற்குப் பிறகு மற்ற நாடுகளில் நடக்கிற மாதிரிதான் இங்கேயும்: ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் வீரர் வேண்டுமென்றால் அவருடைய கிளப்பிடம் பேசித் தொகை கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தவர் என்றால் அவரிடம் மட்டும் பேசினால் போதும்.

இதில் கடைசி ஆறு மாதம்தான் முக்கியம். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவோ இருக்கும்போது வீரர் வேறு கிளப்புடன் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். பேச்சைத் தொடங்கும் முன் இப்போதைய கிளப்புக்குப் புது கிளப் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மே 31-ல் ஒப்பந்தம் முடிகிறவர் டிசம்பர் முதல் வாரத்திலேயே யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். கிளப்புக்கு ஒரு பைசா வராது. ஆகவே ஒரு நிர்வாகம் தன் வீரரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவெடுக்க வேண்டிய காலம் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு அல்ல, அதற்கு முந்தைய ஆண்டு. கடைசி ஆண்டு ஜனவரியில் உட்கார்ந்து புதுப்பிப்பு பேசுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இன்னொன்றையும் இதோடு சொல்லிவிடலாம். 'ஒப்பந்தம் கையெழுத்தானது, மருத்துவப் பரிசோதனையில் தேறினால் உறுதி' என்று செய்தி வருகிறது. அப்படி ஒரு நிபந்தனைக்கு ஃபிஃபா விதியில் இடம் இல்லை. பரிசோதனையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு முழங்கால் சரியில்லை என்று கிளப் பின்வாங்கினால் அது ஒப்பந்த மீறல், நஷ்ட ஈடு கிளப் தலையில்தான் விழும்.

இந்தக் கணக்கை வைத்து அனிருத் தாபா விஷயத்தைப் பாருங்கள். 2016-ல் சின்னப் பையனாகச் சென்னைக்கு வந்து, 2018-ல் கோப்பை வென்று, கேப்டனும் ஆனவர். அவருடைய ஒப்பந்தம் 2024 வரை. 2023 கோடையில் கொல்கத்தாவின் மோகன் பகான் தொகையோடு வந்து நின்றது. அன்றைக்கு சென்னைக்கு இருந்த வழி இரண்டே இரண்டு: விற்றுக் காசு பார்ப்பது, இல்லையென்றால் இன்னும் ஒரு சீசன் வைத்திருந்து 2024-ல் சும்மா விடுவது. ஐந்தாண்டு ஒப்பந்தம் நீட்டிய கொல்கத்தாவை விட்டு அவர் இங்கேயே புதுப்பித்திருப்பார் என்று நம்புவது வெகுளித்தனம். விற்றது சரி. தப்பு அடுத்த படியில். நடுக்களத்தில் பந்தை வாங்கித் திரும்பி முன்னே கொடுக்கிற இந்திய வீரர் ஒருவர் போனால், அதே வேலையைச் செய்கிற இந்திய வீரர் ஒருவர் வர வேண்டும். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் நிற்கலாம் என்பது 2021 முதல் விதி. அந்த நான்கில் ஒன்றை நடுக்களத்துக்குச் செலவழித்தால் பின்வரிசையிலோ முன்வரிசையிலோ ஓட்டை விழும். ஐஎஸ்எல்லில் நல்ல இந்திய மிட்ஃபீல்டருக்கு இவ்வளவு விலை வருவது இதனால்தான். திறமையைவிட இந்த விதிக்குத்தான் பாதி விலை.

2020-ல் நடந்ததற்கு முன்னால் இதுகூடச் சின்னது. 2019-20 சீசனில் சென்னை தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தபோது பயிற்சியாளராக ஓவன் காயில் வந்தார். நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கினார். அணி இறுதிப்போட்டி வரை போய், காலி மைதானத்தில் ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றது. அடுத்த சீசன் பயிற்சியாளரும் ஸ்ட்ரைக்கரும் ஜாம்ஷெட்பூர் சட்டையில். விளைவைப் புள்ளிப் பட்டியலே சொல்லும்: 2020-21-ல் சென்னை 20 ஆட்டத்தில் 17 கோல், 11 டிரா, எட்டாவது இடம். காயில் 2021-22-ல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டை வாங்கிக் கொடுத்தார். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்கு முதலில் ஓராண்டு ஒப்பந்தம் போடுவது புரிகிறது, எப்படி ஆடுவார் என்று தெரியாது. ஆனால் 'இத்தனை கோல் அடித்தால் இன்னும் ஓராண்டு, முடிவு கிளப்பின் கையில்' என்ற ஒரு ஷரத்தை அதே பத்திரத்தில் சேர்க்க என்ன செலவாகிவிடும்? சம்பள உயர்வையும் அதிலேயே எழுதிவிட்டால் வீரரும் மறுக்க மாட்டார். கடைசியில் 2022 ஜனவரியில் அதே வால்ஸ்கிஸைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். அதற்குள் லீக்கும் மாறிவிட்டது, அவருக்கும் வயது ஏறிவிட்டது.

அதே 2022 ஜனவரியில்தான் லாலியன்சுவாலா சாங்தே சென்னையை விட்டு மும்பை சிட்டிக்குப் போனார். இங்கே இருந்தபோது 'ஓடுவார், முடிக்கத் தெரியாது' என்று கேலரியே முனகியது. மும்பை அவரை வலதுபக்கம் நிறுத்தியது. இடதுகால் வீரர் வலதுபக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்தால் கோல் அவருடைய நல்ல காலுக்கு எதிரில் வரும், டிஃபென்டர் தன் பலவீனமான பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். 2022-23-ல் லீக்கின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தும் வாங்கினார், அகில இந்திய கால்பந்துச் சம்மேளனத்தின் ஆண்டுச் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். இதில் வீரரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? விற்கும் முன் இன்னொரு இடத்தில் நிறுத்திப் பார்க்காத கண்களைத்தான் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரியில் நடந்த பண்டமாற்றைப் பற்றி சென்னை ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை, பேச வேண்டிய விஷயம் அது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிகாஷ் யும்னத்தைக் கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கொடுத்து, முப்பதைத் தாண்டிய பிரீதம் கோட்டாலை வாங்கினார்கள். கோட்டால் அனுபவசாலி, பல கோப்பை பார்த்தவர், மறுப்பில்லை. சீசன் பாதியில் பின்வரிசை ஆட்டம் காணும்போது உடனடியாகத் தேவைப்படும் ஆள்தான். ஆனாலும் பரம வைரிக்கே பத்து வருஷம் ஆடக்கூடிய சென்டர் பேக்கைக் கொடுப்பதென்றால், பின்னாளில் அவரை விற்றால் இத்தனை சதவீதம் நமக்கு என்ற ஷரத்தாவது இருந்ததா என்று எந்த நிருபரும் கேட்கவில்லை. 13 அணி லீக்கில் அந்த சீசன் சென்னை 11-ஆவது.

சென்னையின் நல்ல நாளையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 2018 மார்ச் 17, பெங்களூரு காண்டீரவா மைதானம், ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி தலையால் முட்டி பெங்களூருவை முன்னிலைக்குக் கொண்டுபோனார். பிறகு இரண்டு கார்னர். இரண்டையும் அடித்தவர் கிரெகரி நெல்சன், இரண்டிலும் எழும்பித் தலையால் போட்டவர் மெய்ல்சன் ஆல்வெஸ், 17-ஆவது நிமிடத்தில் ஒன்று, இடைவேளைக்குச் சற்று முன் ஒன்று. லீக்கில் முதலிடம் பிடித்த பெங்களூரு, முதல் கோல் வாங்கிய பிறகும் மெய்ல்சனுக்கு ஆள் மாற்றிப் போடவில்லை. 67-ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து அடித்தது மூன்றாவது. கடைசியில் பெங்களூருவின் மிகு ஒன்று திருப்பினார், 3-2. அதே சீசன் டிசம்பரில் அதே மைதானத்தில் சேத்ரி சமன் செய்த மூன்றாவது நிமிடமே தனபால் கணேஷ் தலையால் அடித்து ஜெயித்துக் கொடுத்ததையும் ஓசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோப்பை வாங்கிய அந்த அணி அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளியுடன் கடைசி இடம். 2019-ல் ரஃபேல் அகஸ்டோ போய்ச் சேர்ந்த இடம் பெங்களூரு எஃப்சி. நம்மை ஜெயித்த ஆளை நாமே வைத்துக்கொள்வோம் என்று எதிரணி நினைத்தது, அதில் சூது ஒன்றும் இல்லை.

எதிரணிகள் என்று வந்துவிட்டால் மோகன் பகானைத் திட்டுவது எல்லோருக்கும் சுலபம், பணக்கார கிளப். ஆனால் 2023-ல் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள்: தாபா, சஹல் அப்துல் சமது என இந்திய மிட்ஃபீல்டர் இரண்டு பேரை ஒரே கோடையில் எடுத்தார்கள். சஹலுக்குப் பதில் கேரளாவுக்குப் போனவர் இதே கோட்டால், மேலே தொகையும் உண்டு. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டும் ஷீல்டு அவர்களிடம், 2025-ல் கோப்பையும் சேர்ந்தது. பணம் எல்லாக் கொல்கத்தா கிளப்பிடமும் உண்டு, எந்த இடத்துக்கு ஆள் வாங்குவது என்ற தெளிவுதான் அங்கே கூடுதல். கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூன்று இறுதிப்போட்டி தோற்று இன்னும் ஐஎஸ்எல் கோப்பை பார்க்காத அணி. அவர்களுடைய மஞ்சள் சட்டை ரசிகர் கூட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாம், அணி கட்டுவதைப் பார்த்து அல்ல. சஹல் போனார், அடுத்த கோடையில் ஜீக்சன் சிங் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023 மார்ச் 3-ல் காண்டீரவாவில் சேத்ரியின் ஃப்ரீ கிக் கோலுக்காக மைதானத்தை விட்டு வெளியேறியதற்கு 4 கோடி அபராதம் வேறு. விசில் வரும்வரை காத்திருக்கச் சொல்லி நடுவரிடம் கேட்காதவரை, வேகமாக அடிப்பது அடிக்கிற அணியின் உரிமை. சுவரைக் கட்டிக்கொண்டு கோல்கீப்பர் இடம் பார்த்து நின்றது பிளாஸ்டர்ஸின் கவனக்குறைவு.

பெங்களூரைப் பற்றி சென்னை ரசிகர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், ஆனாலும் சொல்கிறேன். 2013-ல் கிளப் தொடங்கியதிலிருந்து சேத்ரி, 2017-லிருந்து கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து. இந்த இரண்டு இடத்துக்கும் அவர்கள் கவலைப்பட்டதே இல்லை. அதன் மறுபக்கமும் உண்டு. சேத்ரிக்கு மாற்று தேடுவதைத் தள்ளித் தள்ளிப் போட்டதால், நாற்பதை எட்டிய மனிதரை 2025-லும் கோலுக்கு நம்பியிருந்தார்கள். நமக்கு உறைக்க வேண்டியது சிவசக்தி நாராயணன் விஷயம். சிவகங்கை மாவட்டப் பையன். 2022 டூரண்ட் கோப்பை இறுதிப்போட்டியில் மும்பைக்கு எதிராக முதல் கோல் அடித்தார், நீலச் சட்டைதான், ஆனால் பெங்களூரு நீலம். சென்னையில் வளர்ந்த நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் வலையில் போட்ட ஒற்றைக் கோலை கொல்கத்தா இன்னும் பேசுகிறது. இவர்களை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை.

லோன் பற்றியும் உங்கள் பக்கத்தில் தெளிவு வேண்டும். லோன் என்பது நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போலத்தான், பட்டா பழைய கிளப் பெயரிலேயே இருக்கும். அன்வர் அலி வழக்கு இதில் பெரிய பாடம். டெல்லி எஃப்சி வீரர், 2023-ல் மோகன் பகானுக்கு லோனில் போனார். ஓராண்டு அல்ல, நான்காண்டு லோன். ஃபிஃபாவோ ஒரு லோன் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2022-லேயே விதி போட்டு, உள்நாட்டு விதிகளை அதற்கேற்ப மாற்ற ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தது. அந்த இடைவெளியில்தான் சிக்கல். 2024-ல் லோனை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலில் ஐந்தாண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். செப்டம்பரில் சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழு அவருக்கு நான்கு மாதத் தடை, மோகன் பகானுக்கு 12.90 கோடி இழப்பீடு, டெல்லி எஃப்சிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இரண்டு விண்டோ (வீரர்களைப் பதியத் திறக்கும் காலம்) பதிவுத் தடை என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பில் காரணம் எழுதாததால் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அது சில நாள்கூட நிற்கவில்லை. உங்கள் பக்கத்தில் இது 'டெர்பி போர்', அதாவது ஒரே ஊர் அணிகளின் மோதல், என்று வந்தது. டெர்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நான்கு ஆண்டு என்று எழுதிய ஒரு வரிதான் வில்லன்.

2025-ல் கதை இன்னும் மோசம். ஜூலை 11-ல் லீக் நிறுத்திவைப்பு என்று அறிவிப்பு வந்தது, சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திவந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் இருந்த 15 ஆண்டு உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதுதான் காரணம். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது, சில நாளில் சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. அந்த வாரங்களில் கிளப்பை விட்டுப் போகப் பார்த்த வீரர்களைச் சமூக வலைத்தளத்தில் வறுத்தெடுத்தார்கள். விதி என்ன சொல்கிறது? இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், வீரர் கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் பாக்கி முழுதாக வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம், அது நியாயமான காரணம். நோட்டீஸ் கொடுக்காமல் பெட்டியைக் கட்டினால்தான் வீரர் மாட்டுவார். போன வீரர் எந்த வகை என்று சொல்ல உங்கள் நிருபருக்கு ஒரு போன் அழைப்பு போதும். லீக் பிறகு ஒரே சுற்று, 91 ஆட்டம் என்று சுருங்கியது. சுருங்கிய லீக்கில் வீரரின் மார்க்கெட்டும் சுருங்கும்.

ஆகவே கோரிக்கை இதுதான். டிரான்ஸ்பர் செய்தி எதுவானாலும் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: பழைய ஒப்பந்தம் முடியும் மாதம், மாறிய வகை (தொகை, இலவசம், லோன், பண்டமாற்று), புது ஒப்பந்த ஆண்டு. தொகையை கிளப் சொல்லவில்லை என்றால் 'வெளியிடவில்லை' என்று போடுங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணைப் போட வேண்டாம். விண்டோ மூடிய பிறகு ஒருவர் சேர்ந்தால் விதிமீறல் என்று எழுதிவிடுகிறார்கள். விண்டோ மூடும் முன்பே பழைய ஒப்பந்தம் முடிந்திருந்தால் அவரைப் பிறகும் பதியலாம், இதையும் அந்தத் தேதி ஒன்றே விளக்கிவிடும்.

நம் பக்கத்துப் பையன்கள் பெங்களூரு எஃப்சி சட்டை போடுவதைப் பற்றி அடிக்கடி வாசகர் கடிதம் வருகிறது, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இப்படியா என்று. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல், பெங்களூரு 90 சொச்சம், ஓசூரிலிருந்து 40. இரவு ஏழரைக்கு ஆட்டம் என்றால் முடிய ஒன்பதே கால், ஒன்பதரை. சென்னை பெரியமேட்டு மைதானத்தில் ஆட்டம் பார்த்துவிட்டு மறுநாள் காலை ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிப்டுக்கு நிற்க முடியாது. காண்டீரவா என்றால் முடியும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறந்த பிறகு ஓசூர் பஸ்ஸில் பொம்மசந்திராவில் இறங்கி, ஆர்.வி. ரோடு வரை மஞ்சள், அங்கிருந்து மெஜஸ்டிக் வரை பச்சை, பிறகு ஊதாவில் கப்பன் பார்க், மைதானம் பக்கம்தான். சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து முதல் பாதியைக் கோட்டைவிடுவது இப்போது தேவையில்லை. திரும்பும்போது டிக்கெட் வரிசை நீளும், கார்டில் முன்கூட்டியே பணம் போட்டு வையுங்கள். இரண்டு அணிக்கும் சட்டை நீலம் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் யார் யார் என்று தெரியவும் போவதில்லை.

சட்டையைவிட முக்கியம் ஆட்டக்காரர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கம் நன்றாக ஆடும் பையன் பதினைந்து பதினாறு வயதில் பெங்களூரு கிளப் ஏதாவது ஒன்றுக்குப் போய்விடுகிறான், போகட்டும். ஆனால் அவனைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்த உள்ளூர் கிளப்பின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. சம்மேளனத்தின் சிஆர்எஸ் என்ற மையப் பதிவில் பையனை ஒவ்வொரு சீசனும் பதிந்தால்தான் எந்த வயதில் எந்த கிளப்பில் இருந்தான் என்ற வரலாறு நிற்கும். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் எத்தனை கோப்பை வாங்கினாலும் அது இதில் ஏறாது.

ஏன் இது பணம் சம்பந்தப்பட்டது என்றால், ஃபிஃபா விதிப்படி ஒரு வீரர் தொகைக்கு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரிய வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5. ஒரு கோடிக்குப் போனால் முதல் நான்கு ஆண்டு வளர்த்த கிளப்புக்கு ஆண்டுக்கு 25,000 வீதம் ஒரு லட்சம். நம் ஊர் கிளப்புக்கு ஒரு சீசன் பந்தும் வலையும் பஸ் செலவும் ஓடிவிடும். இதைத் தவிர, 23 வயது முடிவதற்குள் நாடு விட்டு நாடு மாறினால் 12 முதல் 21 வரை பயிற்சி கொடுத்த செலவுக்கான இழப்பீடு தனி. பதிவில் பெயர் இல்லாத கிளப்புக்கு இதில் எதுவும் கிடையாது, பையனே வந்து சாட்சி சொன்னாலும்.

பதிவில் சிக்குவது பெரும்பாலும் பிறந்த தேதியில். பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதம் ஏதோ ஒரு தேதி போட்டிருப்பார்கள், ஆதாரில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று. பிறந்து பல ஆண்டு கழித்து வாங்கிய சான்றிதழ் என்றால் வயதுப் பிரிவுப் போட்டிகளில் சந்தேகம் வரும், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள். மூன்றிலும் தேதியும் இனிஷியலும் ஒன்றாக இருக்கும்படி பையன் பத்து வயதில் இருக்கும்போதே திருத்திவிட வேண்டும். பதினாறில் செலெக்‌ஷன் வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் விண்டோ மூடிவிடும். மாநிலம் மாறும்போது பழைய பதிவிலிருந்து விடுவிப்பும் ஒப்புதலும் முடிந்ததா என்று பார்க்காமல் கர்நாடகா லீக்கில் இறக்கிவிட்டால் ஆட்டம் போய்விடும், பையன் பெயரும் கெடும்.

பெற்றோருக்கும் சில விஷயம். 18 வயதுக்குக் குறைந்தவரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் போட முடியாது, பெரியவருக்கு ஐந்து. ஏஜென்ட் என்று வருகிறவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், உரிமம் பெற்றவர் பட்டியல் ஃபிஃபா தளத்திலேயே இருக்கிறது. தேர்வு எழுதித் தேறினால்தான் உரிமம். வீரருடன் ஏஜென்ட் போடும் ஒப்பந்தம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து செல்லாது, மைனர் என்றால் பெற்றோர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். 'பத்து வருஷத்துக்கு என் பையன் உங்க பொறுப்பு' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கு மதிப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு மிரட்ட ஆள் வரும்.

உங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பக்கத்தில் மாம்பழ விலை, அணை நீர்மட்டம் தினம் வருகிறது. சீசன் தொடக்கத்தில் சிஆர்எஸ் பதிவுக்குக் கடைசி நாள் எது, என்னென்ன சான்று வேண்டும் என்று மாவட்டச் சங்கத்திடம் கேட்டு நான்கு வரி அதன் பக்கத்தில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.